படிவத்தில் ஆறாம் கேள்வி

"இரைச்சல் மிகுந்த ஆலையில் இருந்ததுண்டா?"
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
பிளாக்பர்னில் பிறந்தவளிடம்
கேட்கிற கேள்வியா இது.

அம்மா பதினைந்தில் தறிக்குப் போனவள்.
முன்னூறு தறி ஒன்றாக அடிக்கும் கொட்டகையில்
குரலுக்கு வேலை இல்லை.
உதட்டைப் பெரிதாக விரித்து, ஒலியே இல்லாமல்,
யாருக்குப் பிள்ளை, யாருக்குக் கடன் என்று
நாலு தறி தள்ளி நிற்பவளிடம் சொல்லிவிடுவாள்.
வீட்டிலும் அப்படித்தான்.
திட்டும்போது மட்டும் சத்தம் வரும்.

எனக்குப் பதினைந்து ஆனபோது தறிகள் இல்லை.
பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றிருந்தார்கள்.
உடைந்த ஜன்னலில் புறாக்கள்
ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தன.

எண்பத்தொன்பது, சனிக்கிழமை இரவு.
தொலைபேசிக் கூண்டில் பத்து பென்ஸ் போட்டால்
யாரோ ஒருவன் இருமிவிட்டு
ஒரு தெருவின் பெயர் சொல்வான்.
முன்னே போகிற சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு
நூறு கார்கள்.
நாய்களோடு வந்த போலீஸ் வேன்
ரவுண்டானாவை மூன்று முறை சுற்றியது.

பூட்டை அறுத்தவன் தன்வீர்.
எந்தக் கதவு என்று அவனுக்குத் தெரியும்.
அப்பாவின் இரவு ஷிஃப்டுக்கு
ரொட்டி கொண்டுவந்த கதவு அது.
"இங்கேதான் நிற்பார்" என்றான்.
சிமெண்ட் தரையில் நாலு போல்ட் துளை, ஓர் எண்ணெய்க் கறை.
ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு
விடியும்வரை அந்தக் கறையின் மேல்தான் ஆடினான்,
அங்குலம் நகராமல்.

இசைத்தட்டு டெட்ராயிட்டிலிருந்து.
உறையில் முகம் இல்லை, ஒரு தபால்பெட்டி எண்.
கார் ஆலைகள் மூடிய அந்த ஊரில்
யாருக்கும் வேண்டாத டிரம் மெஷினை
அடகுக்கடையில் வாங்கி
ஒரு கறுப்பினப் பையன் படுக்கையறையில் செய்ததாம்.
அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். பெயர் கேட்கவில்லை.

முப்பது வருஷம் கழித்து, பாத்திரம் கழுவும்போது தோன்றியது:
எங்கள் தறிக்குப் பஞ்சு வந்ததும்
அதே கடல்வழிதானே.
பறித்த கைகளுக்குக் கூலி கிடையாது.
அந்தக் கைகளின் கொள்ளுப்பேரன்கள்
செத்துக் கிடந்த எங்கள் கொட்டகைக்கு
மறுபடி ஓட்டம் கொடுத்தார்கள்.
கடன் யார் பக்கம் என்று
அந்த ராத்திரி யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
வாசலில் தலைக்கு மூன்று பவுண்ட் வாங்கியவன் மட்டும்
எண்ணிக்கொண்டிருந்தான்.

அதிகாலை நாலு இருக்கும்.
தன்வீர் ஏதோ கேட்டான்.
என் உதடு தானாக விரிந்தது,
ஒலி இல்லாமல், அம்மாவைப்போல.
புரிந்து தலையாட்டினான்.
திரும்பிப் பார்த்தேன்:
புகையும் ஆவியுமாய் இருந்த கொட்டகை முழுக்க
உதடுகள், உதடுகள்.

தொண்ணூற்று நாலில் சட்டம் வந்தது.
திரும்பத் திரும்ப வரும் தாளம் என்று
அதில் எழுதியே வைத்திருந்தார்கள்.
அம்மா நாளிதழை மடித்துவிட்டு
வாயசைத்தாள்:
"முப்பது வருஷம் அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்."

இப்போது அங்கே தரைவிரிப்புக் கடை.
தன்வீர் பர்ன்லியில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறான்.
என் மகன் போகிற திருவிழாவில்
மணிக்கட்டில் சிப் கட்டுகிறார்கள்,
பதினொன்றுக்கு நிறுத்திவிடுகிறார்கள்,
காதில் அடைக்க ஆரஞ்சு நிறப் பஞ்சு இலவசம்.
எனக்கு இடக்காதில்
ஒரு கொசு முப்பது வருஷமாய்ப் பறக்கிறது.

ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
"எத்தனை ஆண்டுகள்?" என்றாள் பரிசோதிக்கும் பெண்.
"ஒன்பது சனிக்கிழமைகள்."

அவள் நிமிர்ந்தாள். கதவைப் பார்த்துவிட்டு
என்னவோ சொன்னாள். கேட்கவில்லை.
உதட்டில் படித்துவிட்டேன்:
அவள் அம்மாவும் அங்கே இருந்தாளாம்.